வகை குறிக்காத பூஜ்யம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிப் பழகிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த முதுகுவலி விட்டதா?

ஏழு வருஷத்துக்கு அப்புறம் எழுதுகிறேன். போனில் என் எண்ணைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் போட மாட்டாய் என்று ஒரு நம்பிக்கை. தபால் பிரிக்கும் இடத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்றவளுக்கு இந்த நம்பிக்கைகூட இல்லாவிட்டால் எப்படி?

உன் அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி மூன்று வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கண்ணாடிக் கடையை மதியத்துக்கு மேல்தான் திறக்கிறோம். என் சிறுநீரகம் அவருக்குச் சேராது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்புப் பட்டியலைப் போடும் புரோகிராமை எழுதியது நீதான் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவரை மேலே ஏற்றச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் அவரே என்னைத் திட்டுவார். எத்தனாவது இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் பார்த்துச் சொல். "எவ்வளவு நாள்னு தெரிஞ்சா அவ்வளவு நாளைக்கு மூச்சைப் பிடிச்சுக்கலாம்" என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நலம். முதுகுவலி இருக்கிறது. என்னை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

நீ கேட்டதைச் செய்ய முடியாது. பட்டியலில் தெரிந்தவர்கள் இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அத்தான் பெயர் இருக்கும் வரியை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த நிரலைப் புது மொழியில் அடியிலிருந்து மாற்றி எழுதியது நான்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு விதமான புள்ளிகள்: காத்திருந்த காலம், நோயின் தீவிரம், தூரம், வயது. நான்கையும் கூட்டினால் வரிசை வந்துவிடும். எவனுடைய சித்தப்பாவும் அதில் குறுக்கே நுழைய முடியாது. இந்த அலுவலகத்தில் உருப்படியான பொருள் அது ஒன்றுதான். அதற்கான பாராட்டுப் பத்திரத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கியவர் என் மேலாளர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பச்சைவிளக்கு. சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறார். அதில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தால் போதும் அவருக்கு. உள்ளே என்ன கருகினாலும் கவலையில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவர்.

அத்தானிடம் சொல், நான் எதையும் மறக்கவில்லை. என் மனைவி பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நின்ற அன்று, அவளை என்னிடம் திருப்பி அனுப்பாமல், "நீ போறதுதாம்மா உனக்கு நல்லது" என்று சொல்லி வண்டி ஏற்றிவிட்டவர் அவர். என் வாழ்க்கையை வரிசையில் எத்தனாவது இடத்தில் வைத்தார் என்று அன்று நான் அவரிடம் கேட்கவில்லை.

தம்பி


மார்ச் 15

மச்சானுக்கு,

அத்தான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுறா. ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருக்கு, பேனா நிக்கல. நீ நல்லா இருக்கணும். (இதை அவர் சொல்லவில்லை, நான் சேர்த்தேன். – அக்கா.) சொன்னேன்டி, மனசுக்குள்ள சொன்னேன்.

விஷயத்துக்கு வரேன். டயாலிசிஸ்ல என் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு பஸ் டிரைவர். ரெண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. போன வாரம் அவரைக் கூப்பிட்டாங்க. வெச்சாச்சு, நல்லா இருக்காராம். சந்தோஷம்தான். நல்ல மனுஷன், குறட்டைதான் தாங்காது. ஆனா கிளம்பறப்போ தன்னோட புள்ளிச் சீட்டை என்கிட்ட காட்டினார். அஞ்சு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு. கூட்டினா பதினாலு. என் சீட்டுல 4.9, 6.8, 0.7, 2.6. லென்ஸ் பவர் எழுதற நோட்டுல கூட்டினேன். பதினஞ்சு. உன் அக்கா கூட்டினா. பதினஞ்சு. கடைக்கு வந்த ஒருத்தரையும் கூட்டச் சொன்னேன். அவருக்குக் கண்ணு சரியில்ல, அதுக்குத்தான் வந்திருந்தார். அவருக்கும் பதினஞ்சுதான் வந்துச்சு.

பதினஞ்சைத் தாண்டிப் பதினாலு எப்படிப் போச்சு? நான் கண்ணாடிக் கடைக்காரன். கால் பாயிண்ட் தப்பினா ஆளுக்குத் தலைவலி. புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதை வெச்சுத்தான் முப்பது வருஷமாப் பொழைக்கிறேன். உன் மெஷின்ல எங்கயோ புள்ளிக்குப் பின்னாடி இருக்கறது உதிருதோன்னு ஒரு சந்தேகம். பாரேன்.

உன் சம்சாரம் விஷயம். "அண்ணா, நான் அவர்கிட்ட திரும்பிப் போகலாமா"ன்னு அவ என்னைக் கேட்டா. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கோபம் இருந்தா நேர்ல வந்து திட்டு. வாரம் மூணு நாள் நாலு மணி நேரம் என்னைக் கட்டிப் போட்டிருக்காங்க, எந்திரிச்சு ஓடக்கூட முடியாது.

அத்தான்


மார்ச் 24

அக்காவுக்கு,

நலம். அத்தானுக்குத் தனியாக எழுத மாட்டேன், இதைப் படித்துக் காட்டு.

இரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிக் கடைக்காரர் என் நிரலுக்கு வைத்தியம் பார்க்கிறார். கூட்டலுக்கு மேல் டாக்டர்கள் பார்ப்பது எவ்வளவோ இருக்கிறது. அந்த டிரைவருக்கு ஏதாவது கூடுதலாகப் பொருந்தியிருக்கும். தான் தவறாக இருக்கலாம் என்பது அத்தானுக்கு எந்தக் காலத்தில் தோன்றியிருக்கிறது?

புள்ளிக்குப் பின்னால் உதிர வழியே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் எழுதுவதைக் கம்பைலர் என்ற இன்னொரு நிரல் வரிவரியாகப் படித்து இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றும். நாங்கள் வைக்கும் ஒவ்வொரு பெயருக்குள்ளும் என்ன வகைச் சரக்கு இருக்கிறது, முழு எண்ணா, பின்னத்தோடு கூடிய எண்ணா, எழுத்தா என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். பழைய மொழியில் எல்லாவற்றுக்கும் நாமே வகை எழுத வேண்டும். பாதிப் பொழுது அதிலேயே போகும். புது மொழியில் அந்தத் தொல்லை இல்லை. நாம் போடும் முதல் மதிப்பைப் பார்த்தே கம்பைலர் வகையை ஊகித்துக்கொள்ளும். ஊகிக்க முடியாவிட்டால் அங்கேயே நின்று, வகை எழுது என்று கேட்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும். மனிதர்களிடம் நான் எதிர்பார்த்துக் கிடைக்காத நேர்மை அது.

உன் மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். மூட்டு, நிற்கிற வேலைக்கு ஏற்ற மாதிரி வலிக்கிறது. அவருக்குப் பசி குறைந்துவிட்டது. கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். வந்தவர்கள் எழுப்பாமல் காத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மெஷினோட நேர்மையைப் பத்தி எழுதறவன் அதைத் திறந்து பார்த்தேன்னு எழுதலையே" என்றார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எங்கள் பிரிவுக்கு முகவரி போதாத கடிதங்கள் வரும். ஒன்றும் புரியாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் எதில் தெரியுமா? ஒரே பெயரில் இரண்டு தெரு இருக்கும். ஒரு தெரு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிற ஊழியர் சந்தேகமே இல்லாமல் அந்தப் பெட்டியில் போடுவார். அங்கே அதே பெயரில் ஒருவர் இருப்பார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். கடிதம் திரும்பி வராது. யாருக்கும் தெரியாது. உரியவர் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தெரியாவிட்டால் கேட்கும் என்கிறாய், சரி. தெரியும் என்று தப்பாக நினைத்துக்கொண்டால் உன் மெஷின் என்ன செய்யும்?

அக்கா


மே 11

அன்புள்ள அக்கா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அத்தானுக்கு மூச்சு வாங்குகிறதா? கால் வீக்கம் உண்டா? இருதயத்தைச் சோதித்து எவ்வளவு நாள் ஆயிற்று? சோதித்திருந்தால் என்ன சொன்னார்கள் என்று எழுது.

இன்னொன்று. போன அக்டோபரில் அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு ஏதாவது வந்ததா? நீங்கள் போனை எடுக்காமல் தவறிப்போனது போல ஏதாவது?

அவரை அலைய விடாதே.

தம்பி


மே 20

என் அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், நிஜமாகவே நலம்! அக்டோபரில் எந்த அழைப்பும் வரவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எதற்குக் கேட்கிறாய் என்று யோசித்தோம். நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பட்டியல் மாறியிருக்கிறதாம். அவருடைய ரத்த வகையில் அவர்தான் முதல் இடம்!

அவர் கட்டிலில் படுத்தபடி சிரிக்கிறார். "உன் தம்பி மனசு மாறிட்டான்டி. ஏழு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தவன், ஒரே அமுக்கு அமுக்கி மேல தள்ளிட்டான் பாரு" என்கிறார். அப்புறம் முகம் மாறிவிட்டது. "யாரையாவது இறக்கிட்டு என்னை ஏத்தியிருந்தா வேண்டாம்னு எழுது. அது எனக்கு ஒட்டாது." எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நானாக எழுதுவது இது: என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இருதயம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறதாம். சீக்கிரம் கிடைத்தால் நல்லது என்கிறார்கள்.

உனக்கென்று ஒரு கண்ணாடி செய்து வைக்கச் சொல்கிறார். கடைசியாகச் சோதித்த பவர் எழுது.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நலம். நான் யாரையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை. நிரலில் ஒரு திருத்தம் நடந்தது, அவ்வளவுதான். அந்த இடம் அவருடைய இடம்தான் என்று அத்தானிடம் சொல். எனக்கு நன்றி சொல்ல வேண்டாம் என்றும் சொல்.

கண்ணாடி வேண்டாம்.

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஜூலை 9ஆம் தேதி காலையில் கூப்பிட்டார்கள். அவருக்குப் பொருந்திய சிறுநீரகம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மதியம் வரை சோதித்தார்கள். இருதயம் தாங்காது என்று பெரிய டாக்டர் வந்து சொன்னார். "போன வருஷம்னா யோசிக்காம பண்ணியிருப்போம்" என்றார். அடுத்த இடத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் வெளியே வரும்போது அந்த ஆள் ஓட்டமாக உள்ளே வந்தார். உன் அத்தான் அவருக்கு வழிவிட்டுச் சுவரோரமாக நின்றார்.

19ஆம் தேதி போய்விட்டார். உனக்குத் தந்தி மாதிரி ஏதாவது அடித்திருக்கலாம். தோன்றவில்லை. நீ வருவாயா என்றும் தெரியவில்லை.

24ஆம் தேதி வேலைக்குத் திரும்பினேன். பிரித்த மூன்றாவது கடிதக் கட்டுக்குள் அவர் பெயருக்கு ஒரு உறை இருந்தது, உன் அலுவலகத்திலிருந்து. பெறுநர் காலமானார் என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் விதி. பிரித்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் அடுத்தவர் கடிதத்தை நான் பிரித்தது இதுதான் முதல் தடவை. 'மொத்தப் புள்ளிகளில் பின்னப் பகுதி விடுபட்ட கணக்கீட்டுப் பிழை மே மாதம் சரிசெய்யப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்திருந்தது.

புள்ளிக்குப் பின்னாடி உதிருகிறது என்று அவர் மார்ச்சிலேயே சொன்னார். அந்தப் பிழை யாருடையது?

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. நேரடியாக எழுதுகிறேன்.

கூட்டலை ஆரம்பிக்கும்போது மொத்தம் என்று ஒரு பெயர் வைத்து, அதில் பூஜ்யத்தைப் போட்டேன். வகை எழுதவில்லை. பூஜ்யத்தைப் பார்த்த கம்பைலர், இது முழு எண் என்று முடிவு செய்துகொண்டது. அதற்குச் சந்தேகம் வர அங்கே ஒன்றும் இல்லை. அதனால் கேட்கவும் இல்லை. பின்னால் வருகிற புள்ளிகளைப் பார்த்துவிட்டு, முன்னால் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. அதன் எல்லை அவ்வளவுதான். 4.9ஐக் கூட்டியதும் 4. அதோடு 6.8ஐச் சேர்த்தால் 10.8, அது 10. 0.7 வந்தும் 10. 2.6 வந்ததும் 12. அத்தானின் பதினைந்து இப்படித்தான் பன்னிரண்டு ஆனது. டிரைவரின் புள்ளிகள் எல்லாம் முழு எண்கள், உதிர ஒன்றும் இல்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து இன்னொரு பூஜ்யம் போட்டிருந்தால், அல்லது ஒரே ஒரு சொல்லில் வகையை எழுதியிருந்தால், இது நடந்திருக்காது.

சோதித்துப் பார்க்கவில்லையா என்பாய். சோதித்தேன். மனக்கணக்காகச் சரிபார்க்க வசதி என்று, முழு எண்களையே கொடுத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது.

பின்னத்தை முழு எண்ணுக்குள் ஊற்றினால் கம்பைலர் ஓர் எச்சரிக்கை தரும். பழைய நிரல்களிலிருந்து ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை வந்து திரை மஞ்சளாகத் தெரிகிறது என்று, எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னவர் பச்சைவிளக்கு. பிழை வெளியே தெரிந்ததும் அலுவலகம் நடத்திய விசாரணை அவரைத்தான் குற்றவாளி என்றது. போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் என் மேஜையைக் கடந்து போனார். அவரை இறக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன்! நான் தலை நிமிரவில்லை. எச்சரிக்கைகளை அணைக்கச் சொன்னது அவர். என் பகுதியில் அணைத்தது என் கை. பூஜ்யமும் என்னுடையது. விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு தெரு பற்றிய உன் ஏப்ரல் கடிதம் வந்த பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் நிரலைத் திறந்தேன். கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வருஷத்தில் முந்நூற்று நாற்பத்தொரு பேருடைய இடம் தவறாக இருந்திருக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நலம். அப்படித்தான் எழுத வேண்டும்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மெஷின் எப்படி நினைத்தது என்று எழுதியிருக்கிறாய். நீ எப்படி நினைத்தாய் என்று ஒரு வரி இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்பு போனில் என்னிடம் சொன்னாயே, நினைவிருக்கிறதா? "அந்த ஆள் ஒரு நாள் யார்கிட்டயாவது கையேந்தி நிக்கணும், அதை நான் பார்க்கணும்." அன்றைக்குக் கோபம் என்று விட்டுவிட்டேன். மே மாதம் நீ அக்டோபரைப் பற்றிக் கேட்டாய். சீட்டில் அக்டோபர் இல்லை, நாங்கள் எழுதிய கடிதங்களில் இல்லை. பட்டியலை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவனுக்கு அக்டோபர் எங்கிருந்து வந்தது?

பூஜ்யம் உனக்குத் தெரியாமல் விழுந்தது. அதை நம்புகிறேன். அது அவர் தலையில் விழுந்தபோதும் எனக்குத் தெரியாது என்று எழுது, தம்பி. ஒரு வரி போதும். நானாக ஊகித்துக்கொள்ள மாட்டேன். என் வேலையில் அது கூடாது.

உனக்கென்று அவர் ஆரம்பித்த கண்ணாடி கடை மேஜையில் இருக்கிறது. பவர் தெரியாததால் வெறும் சட்டத்தோடு நிற்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 31

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும்.

பிழையைக் கண்டுபிடித்த பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினேன், அதில் அக்டோபர் இருந்தது என்று எழுதிவிடலாம். நீ நம்புவாய். பாதி உண்மைகூட.

போன அக்டோபரில் ஒரு சிறுநீரகம் வந்தது. எந்த வரிசையில் யாருக்குப் போனது என்ற அறிக்கை என் திரைக்கு வந்தது. இரண்டாவது வரியில் அத்தான் பெயர். அவர் பதிந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அன்றைய புள்ளிகள் 4.6, 6.8, 0.7, 2.6. பக்கத்தில் மொத்தம் 12. முதல் வரியில் இருந்தவருக்கு 13.

எட்டு வயதில் மனக்கணக்குக்குப் பரிசு வாங்கி வந்தவனை நீதான் தெருவெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். நான்கு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என் தலை தானாகக் கூட்டிவிடும். கடைப் பலகையைப் பார்த்தாலும் கூட்டும், பஸ் எண்ணைப் பார்த்தாலும் கூட்டும். அன்று கூட்டவில்லை என்று பத்து மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டியிருந்தால் பதினான்கே முக்கால் பக்கம் வந்திருக்கும். கூட்டினேனா என்று எனக்குத் தெரியவில்லை. இதை நீ நம்ப வேண்டாம். நீ கேட்ட அந்த வரியை ஆறு தாள்களில் ஆரம்பித்துப் பார்த்தேன். முடிக்க முடியவில்லை.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பன்னிரண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு திரையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

தம்பி